உருளைக்கிழங்கு நிலா

படகிலிருந்து கழற்றிய விளக்கு ஒன்று சூரியன்.
டென்னிஸ் பந்து பூமி.
நிலாவுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.
மதியச் சாப்பாட்டில் மிஞ்சிய,
கோலிக்குண்டு போலொரு உருளைக்கிழங்கைப்
பின்னல் ஊசியில் குத்தி நிமிர்த்தினேன்.
ஜன்னல்களைக் கம்பளி போட்டு மூடினோம்.
மார்ச் மாதம். ஃபாரோ தீவுகளில்
காற்று கதவைத் தட்டாது, உதைக்கும்.

பதினொரு குழந்தைகள். யாருக்கும் ஆறு வயதாகவில்லை.
பந்தின்மேல் பேனாவால் ஒரு புள்ளி வைத்து
இதுதான் நம் ஊர் என்றேன்.
"என் வீடு எங்க?" என்றான் ஹோக்னி.
புள்ளிக்குள்ளே.
"எங்க ஆடு?"
அதுவும் புள்ளிக்குள்ளேதான்.
"அப்பா?"
அவன் அப்பா ஐஸ்லாந்துப் பக்கம் கடலில் இருந்தார்.
பந்தை ஒரு மயிரிழை திருப்பிக் காட்டினேன்.

ஊசியை நகர்த்த நகர்த்த
கிழங்கின் நிழல் பந்தின் கன்னத்தில் ஏறி
ஊர்ந்து வந்து புள்ளியைத் தொட்டது.
பாம்பு கவ்வியது என்று சொல்லலாமென்றால்
இந்தத் தீவுகளில் பாம்பே கிடையாது.
ஓநாய் துரத்துவதாகப் பழங்கதை உண்டு,
ஓநாயும் கிடையாது.
பழியைப் போட ஆளில்லாமல்
நிலா குறுக்கே வருகிறது, அவ்வளவுதான் என்றேன்.
"ஏன்? அதுக்கு வேற வழியில்லையா?"
கேட்டது சுன்னுவா.
வழி இருக்கிறது, ஆனால் அது சாய்ந்த வழி,
பெரும்பாலும் மேலேயோ கீழேயோ தப்பிப் போய்விடும்,
என்றைக்காவதுதான், என்று நான் தொடங்க
ட்ரோன்டுர் நிலாவைக் கடித்துவிட்டான்.

பாதி நிலா வாய்க்குள்.
உப்பு போதவில்லை என்றான்.
அன்றைய வானியல் அத்தோடு முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலை
அட்டைக் கண்ணாடிகளோடு மேட்டில் ஏறி நின்றோம்.
மேகம். அடுப்புச் சாம்பலைக் குழைத்து
அப்பியதுபோல் வானம் முழுக்க மேகம்.
கேமராவோடு எங்கிருந்தோ வந்த ஒருவர்
முக்காலியை மடக்க மனமில்லாமல்
நனைய விட்டிருந்தார்.
கண்ணாடி போட்டால் இருட்டு, கழற்றினால் மேகம்.
குளிருது. மூத்திரம் வருது. பசிக்குது.
மூன்று வாரப் பாடமும் என் தொண்டையில்
ஒரு கட்டியாக நின்றது.

அப்போது தென்மேற்கே, கடல்மேல், ஒரு கறுப்பு.
நடக்காமல் ஓடாமல்
ஒரே இழுப்பில் போர்வையை இழுத்ததுபோல் வந்தது.
மலைச்சரிவின் பழுப்பு அணைந்தது.
புல்வேய்ந்த கூரைகள் அணைந்தன.
ஆடுகள் மேய்ந்த இடத்திலேயே படுத்தன.
துறைமுக விளக்குகள் ஏமாந்து எரிந்தன.
யாரோ என் கோட்டைப் பிடித்தார்கள்,
மறுபக்கமும் யாரோ.
என்ன சொல்லித் தேற்றுவது, தெரியாமலே வாயைத் திறந்தேன்.

"புள்ளி!" என்று கத்தினான் ஹோக்னி.
"நாம இப்போ புள்ளியில நிக்கிறோம்!
கிழங்கு மேலதான் இருக்கு!"

இரண்டு நிமிடம்.
சூரியனை யாரும் பார்க்கவில்லை.
பதினொரு முகங்கள் மட்டும் அண்ணாந்தபடி,
பார்த்துக்கொண்டிருந்தன.

இறங்கும் வழியில் சுன்னுவா கேட்டாள்,
"நாம குறுக்க நின்னா நிலாவுக்கு இருட்டுமா?"
இருட்டும். செப்டம்பரில், நடுநிசி தாண்டி.
"அப்போ அங்க விழறது நம்ம நிழலா?"
ஆமாம்.
"நான் கையாட்டினா தெரியுமா?"

தெரியாது என்பதுதான் சரியான விடை.
ஊரே ஒரு புள்ளி, அதில் ஒரு கை என்றால்…
ஈரப் புல்லில் பூட்ஸ் சறுக்கியதாகப் பாவனை செய்து
பேச்சை மாற்றினேன்.

செப்டம்பர். விடிகாலை மூன்று மணி.
அன்றைக்கென்று வானம் துடைத்துக் கிடந்தது.
செம்புப் பானையின் அடிபோல் நிலா சிவந்தது.
பூமியின் விளிம்பு நெடுக அந்நேரம்
எங்கெங்கோ விடிகிற வெளிச்சமும்
எங்கெங்கோ அடைகிற வெளிச்சமும்
வளைந்து போய் அதன்மேல் படிகிறது.
நாளைக்கு இதற்கு என்ன கிழங்கு தேடுவது
என்று யோசித்தபடி
இரவு உடையில், ஒற்றைச் செருப்போடு நின்றேன்.

எதிர்ச் சரிவில், சுன்னுவா வீட்டு மாடியில் விளக்கு.
ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய சின்ன உருவம்
இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தது.

சுற்றுமுற்றும் பார்த்தேன்.
தபால்காரர் வீட்டு நாய்கூடத் தூங்கிவிட்டது.
நானும் ஒரு கையைத் தூக்கினேன்.